தண்டோரா போடாத சாவு

அண்ணனின் தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி நழுவிக்கொண்டே இருந்தது. பீபிசாரா அதை இறுக்கி உச்சந்தலையில் மறுபடி முடிச்சுப் போட்டபடி, கதவோரம் நின்ற அண்ணன் மகனைக் கேட்டாள்.

"வாசல்ல எத்தன பேரு?"

"மூணு பேரு, அத்தை," என்றான் ஹம்ராகுல். "அதுல ஒருத்தரு குளிப்பாட்ட வந்த சாபிர்."

"மத்த ரெண்டு பேரு?"

"ஒருத்தரு இமாம். இன்னொருத்தரு இமாமைத் தேடி வந்தவரு. மையத்து வீடுன்னதும் அவரு கிளம்பிட்டாரு. இப்போ ரெண்டு பேருதான்."

விடிகிற நேரத்தில் உயிர் போனது. வெயில் இப்போது மதில் ஏறிவிட்டது. அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால், சூரியன் வருவதற்குள் சந்து அடைத்துப் போகும். மகன் இடுப்பில் துண்டைக் கட்டி, கையில் கம்பு ஊன்றி வாசலில் நிற்பான். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்து அழுவார்கள். ஹம்ராகுலும் துண்டு கட்டிக்கொண்டு கம்போடுதான் நிற்கிறான். கட்டிப் பிடிக்கத்தான் ஆள் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செத்தவர் எகம்பெர்தி, ஊரின் தண்டோராக்காரர். மேளம் எதுவும் கிடையாது, தொண்டை மட்டும்தான். முப்பது வருஷமாக அந்த ஊரில் காணாமல் போன கழுதை, சுன்னத்து விருந்து, வாய்க்கால் தூர்வாரும் நாள், சர்க்கார் உத்தரவு, சாவு எல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் வெளியே வந்தன. எகம்பெர்தி கூவாத செய்தி ஊருக்குத் தெரியாத செய்தி என்று ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பிணம் கிடந்தாலும் அவர் வந்து கூவுகிறவரை யாரும் துண்டை உதறித் தோளில் போட மாட்டார்கள். இப்போது கூவுகிறவரே போய்விட்டார். அவர் சாவை யார் கூவுவது? யாரும் கூவவில்லை. ஊர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் கிடந்தது.

பீபிசாராவுக்கு ஐம்பத்தாறு வயது. மூன்று மணி நேரம் கழுதை மேல் உட்கார்ந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முந்தாநாள்தான் வந்தாள். எதையும் கேட்காமல் இருக்க முடியாத பிறவி அவள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது, "இவள பொதைச்சப்புறம் கபர்ல வானத்து மலக்குகள் வந்து கேள்வி கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க ஊரு பேரக் கேப்பா" என்று சொல்லிச் சிரிப்பார். வந்த இரண்டு நாளும் அவள் அண்ணனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"மலைமேல என்னண்ணா சொன்ன? வாயத் திறக்க வேணாம். தலையையாவது ஆட்டு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செப்டம்பரிலிருந்தே அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரஷ்ய வைத்தியன் வாய்க்குள் கரண்டியை விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

எல்லாம் ஜூலையில் ஆரம்பித்தது. ஜெர்மன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ரஷ்ய வெள்ளை ராஜாவுக்குப் போர்முனையில் பள்ளம் வெட்ட ஆள் போதவில்லையாம். பத்தொன்பது வயதிலிருந்து நாற்பத்து மூன்று வரை உள்ள ஆண்களைப் பட்டியல் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கோதுமை அறுப்பு நடக்கிற நேரம். பட்டியல் எழுதிய ஊர்த்தலைவர் வீட்டை ஊரே சேர்ந்து சூறையாடியது. பட்டியலைக் கிழித்து வாய்க்காலில் விட்டார்கள். தலைவரையும் போட்டு மிதித்ததில் அவர் பிழைக்கவில்லை. நாலாம் நாள் சிப்பாய்கள் வந்தார்கள், மேலத்தெரு முழுக்க எரிந்தது, பாதி ஊர் மலைக்கு ஓடியது. ஒரு மாதம் கழித்து மேலிடத்தில் யாருக்கோ மனசு மாறியது. அடித்தது போதும், இனி அணைத்துப் போகலாம் என்று புதுக் கவர்னர் ஒரு காகிதம் அனுப்பினார். இறங்கி வருகிறவர்களுக்கு மன்னிப்பு, யார்மேலும் கை வைக்கமாட்டோம் என்று அதில் இருந்தது. காகிதத்தை எகம்பெர்தி கையில் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். அவர் கூவினார், இருநூறு பேர் இறங்கினார்கள். பாலத்தருகே சிப்பாய்கள் காத்திருந்தார்கள். பதினோரு ஆண்களைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அதில் நாலு பேரை ரயிலடி ஊரில் தூக்கில் போட்டார்கள். மற்ற ஏழு பேர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது.

தூக்கில் போட்டவர்களின் பெயரைச் சந்தையில் கூவச் சொல்லி எகம்பெர்தியிடம்தான் மறுபடி காகிதம் வந்தது. அவர் எப்போதும் நிற்கிற கல்லின்மேல் ஏறி நின்றார். காதில் கையை வைத்தார். வாயைத் திறந்தார். காற்று கூட வரவில்லை. அன்றோடு சரி.

"இவன்தான் கூப்பிட்டான், நாங்க இறங்கினோம்" என்பது ஊரின் பேச்சு. நாலு வீட்டுக் கண்ணீரும் ஏழு வீட்டுக் காத்திருப்பும் அவர் தலையில் விழுந்தன.

பக்கத்து வீட்டு ஆய்னிசா பின்மதில் வழியாக ஒரு சட்டி சூப்பை நீட்டினாள். சாவு வீட்டில் சமைக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். வாசல் வழியாக வர அவளுக்குத் தைரியமில்லை.

"ஒன் வீட்டுக்காரன் எங்க?" என்றாள் பீபிசாரா.

"உள்ளதான் இருக்காரு, அக்கா. தண்டோரா கேக்கலையே, போனா நல்லா இருக்காதுன்னாரு."

"நான் விடிகாலையில போட்ட சத்தத்துல ஒங்க கோழி கூரைய விட்டுக் குதிச்சுது. ஒன் புருஷனுக்குக் கேக்கலையாமா?"

ஆய்னிசா சட்டியை அவள் கையில் திணித்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "என்ன என்னக்கா பண்ணச் சொல்ற? எங்க வீட்டுக்காரரோட தம்பி அந்த ஏழு பேருல ஒருத்தன்."

பீபிசாராவுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. கேள்வி இல்லாமல் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் சூப்பை மோந்து பார்த்தாள். உப்பு போட மறந்திருந்தார்கள்.

முற்றத்தில் இமாம் அவளுக்காகக் காத்திருந்தார். வயதில் சிறியவர், பொய் சொல்ல வராத மனுஷன். பார்வையை முசுக்கட்டை மரத்தின்மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் ஜனாசாத் தொழுகை வைக்கணும். தொழுகைக்கு எட்டு பேரு வந்தாலும் போதும், அது செல்லும். ஆனா தொழுகைக்கு முன்னாடி நான் கேக்கணுமே."

என்ன கேட்க வேண்டும் என்று பீபிசாராவுக்கும் தெரியும், ஹம்ராகுலுக்கும் தெரியும். மையத்தைச் சுமந்து வரும் சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி வைத்ததும் இமாம் ஜனங்கள் பக்கம் திரும்பி, "இந்த மனுஷன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பார். "நல்ல மனுஷன்" என்று எல்லோரும் சொல்வார்கள். குதிரை திருடியவனுக்கும் சொல்வார்கள், பெண்டாட்டியை அடித்தவனுக்கும் சொல்வார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், வறட்சியில் ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலைத் திருப்பிக்கொண்ட ஒருவன் செத்தபோதுதான் மூன்று முறை கேட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் அந்த ஊரில் பெண் கிடைக்கவில்லை, வாய்க்காலில் முறையும் கிடைக்கவில்லை. வீட்டை இடித்து மரக்கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கேக்காம விட்டுட்டா?" என்றாள் பீபிசாரா.

"கேக்காம விட்டா, கேட்டிருந்தா யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு அர்த்தமாயிடும்."

"அதுவும் சரிதான்," என்று ஒத்துக்கொண்டாள். ஹம்ராகுல் கம்பின் முனையால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

அந்த நேரத்தில்தான் வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. வட்டாரத் துரையின் துபாஷி கைனுத்தீன் இறங்கினான். தாத்தாரியன், முப்பது வயதுக்காரன். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, அதற்குமேல் நம்மவர் தொப்பி. கையில் துணி மூட்டை ஒன்று. பிணம் கிடந்த அறைப் பக்கம் திரும்பி ஃபாத்திஹா ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டான். அதை ஒழுங்காகவே செய்தான். பிறகு மூட்டையைப் பிரித்தான்.

பச்சை வெல்வெட் அங்கி. கழுத்திலும் கையோரத்திலும் வெள்ளி ஜரிகை. முற்றத்தில் வெயில் பட்டதும் பளபளத்தது.

"கவர்னர் ஆபீசுலேர்ந்து வந்திருக்கு," என்றான். "ஊர்ல சமாதானம் உண்டாக்க ஒத்தாசை செஞ்சவங்களுக்கு மரியாதை. சந்தூக்கு மேல இதப் போர்த்தணும்னு துரை சொன்னாரு. சனங்க பாக்கணுமாம். நடந்தது நடந்து போச்சு, சர்க்காருக்கு யார்மேலயும் கோவம் இல்ல, ஒத்துப் போறவங்கள மறக்காதுன்னு தெரியணுமாம்."

"சந்தூக்குப் பின்னாடி வர்ற சனம் மொத்தம் அஞ்சாறு பேருதான். அவங்களுக்குக் காட்டவா இவ்வளவு ஜரிகை?" என்றாள் பீபிசாரா.

கைனுத்தீன் அதைக் காதில் வாங்காத மாதிரி ஹம்ராகுலைப் பார்த்தான். "தம்பி, பள்ளம் வெட்ட ஆள் ஏத்திக்கிட்டு வெள்ளிக்கிழமை போற மூணாவது ரயில்ல ஒன் பேரு இருக்கு. அங்கிய ஏத்துக்கிட்டா அந்தப் பேர அடிச்சிடறேன்னு துரை வாக்குக் குடுத்திருக்காரு."

குளிப்பாட்டுவதற்காகத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த சாபிர்கூட அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அங்கியைப் பார்த்தார்.

பீபிசாராவுக்கு அங்கியின் மேல் கை வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. சமர்கந்து வெல்வெட்டா, மாஸ்கோ வெல்வெட்டா என்று தடவினால் சொல்லிவிடுவாள். அடக்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கையில் இருந்தது.

"துபாஷி தம்பி, அந்த மன்னிப்புக் காகிதத்த எங்கண்ணனுக்குப் படிச்சுக் காட்டினது நீதானே?"

"நான்தான்."

"அப்போ அவரு ஏதாச்சும் கேட்டாரா?"

கைனுத்தீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "கேட்டாரு. நான் கூவினது பொய்யாப் போயிட்டா அது யாரோட பொய்யின்னு கேட்டாரு. நான் அப்படியே ரஷ்ய பாஷையில துரைக்குச் சொன்னேன். துரை சிரிச்சாரு. கூவறது அவன் வேலை, மத்ததெல்லாம் நம்ம வேலைன்னாரு."

"துரைக்குத் தெரியுமா? பாலத்துல சிப்பாய் நிப்பான்னு?"

"சத்தியமாத் தெரியாதும்மா. மன்னிப்பு ஒரு ஆபீசுலேர்ந்து வந்துச்சு, பிடிக்கச் சொல்லித் தந்தி இன்னொரு ஆபீசுலேர்ந்து வந்துச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல நான்தான் பிரிச்சுப் படிச்சேன். துரை ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடப் போயிட்டாரு."

"நீ? நீ போய் எங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவன் குதிரையின் சேணவாரை அவிழ்த்து மறுபடி அதே துளையில் மாட்டினான். "அவரு அதுக்குள்ள மலையேறிட்டாரு," என்றான். "மேல என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. நான் கீழதான் இருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு, அவ்வளவு தூரத்துலேர்ந்து. அந்த மாதிரித் தொண்டைய நான் எங்கயும் கேட்டதில்ல."

மேலே இருந்தவர்களில் யார் அவளிடம் பேசுவார்கள்? பீபிசாரா யோசித்தாள். கொல்லன் நோர்பூதா முன்வரிசையில் நின்றவன் என்று கேள்வி. தூக்கில் போன நாலு பேரில் அஷுர் அவன் மகன். அவனிடம் கேட்கப் போனால் சம்மட்டியைத் தூக்கினாலும் தூக்குவான். தவிர, மையத்து வெளியே போகும்வரை சாவு வீட்டுப் பெண் வாசற்படி தாண்டக்கூடாது. தாண்டினால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான். எப்படியும் விழுந்துதானே கிடக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. குளிப்பாட்ட ஆண்கள் அறைக்குள் போனதும் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்மதிலில் காலை வைத்து ஏறினாள். முழங்கால் முணுமுணுத்தது. அந்தப் பக்கம் கோழிக்கு இரை போட்டுக்கொண்டிருந்த ஆய்னிசா வாயில் கை வைத்தாள்.

"என்ன பாக்கற? கையப் பிடிச்சு எறக்கு," என்றாள் பீபிசாரா.

பட்டறையில் நெருப்பு எரிந்தது. நோர்பூதா ஒரு கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தான். நல்ல அகலமான மனுஷன், மூன்று மாதத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. அவளைப் பார்த்தான், தட்டுவதை நிறுத்தவில்லை.

"நோர்பூதா, எங்கண்ணன் செத்துட்டாரு."

"தண்டோரா போடலையே," என்றான்.

"போடல. அதான் நானே சொல்ல வந்தேன். இன்னொண்ணு கேக்கவும் வந்தேன். கேட்டுட்டுப் போயிடறேன், அப்புறம் நீ என்ன வேணா திட்டு. மலைமேல அவரு என்ன சொன்னாரு?"

கொழு சிவப்பு மாறிக் கறுத்தது. அவன் அதை மறுபடி நெருப்பில் வைக்கவில்லை. வாசலுக்கு முதுகு காட்டி நின்றான். அவள் காத்திருந்தாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் தெரிந்தவள் என்பதை அவள் புருஷன் யாரிடமும் சொன்னதில்லை.

"மூணு தடவ கூவினான்," என்றான் கடைசியில். "காகிதத்துல இருந்தத. இறங்கி வாங்க, மன்னிப்பு, யாரும் கை வைக்கமாட்டாங்கன்னு. நாங்க பாறை மேல நின்னுக்கிட்டிருந்தோம். நான்தான் கத்திக் கேட்டேன். எகம்பெர்தி, இது யாரு வாக்குன்னு."

"என்ன சொன்னாரு?"

"கவர்னர் வாக்குன்னான். என் வாக்கு இதுல இல்லன்னான். அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, குடுத்தத கூவறேன், இறங்கறதும் இறங்காததும் ஒங்க இஷ்டம்னான். தெளிவா சொன்னான். இருநூறு பேருக்கும் கேட்டுது."

பீபிசாரா பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன் இறங்கினீங்க?"

"மாவு தீர்ந்து போச்சு. கொழந்தைங்களுக்கு வயித்தால போச்சு. ரெண்டு கொழந்தைய அங்கயே பொதைச்சோம். எல்லாருக்கும் இறங்கணும்னு இருந்துது, யாரு மொதல்ல சொல்றதுன்னுதான் நின்னோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அஷுர் வேணாம்னான். வேணாம்ப்பா, நாம இன்னும் மேல போயிடலாம்னான். நான்தான் அவனத் திட்டினேன். எகம்பெர்தி கூப்பிடறான், நம்மாளு பொய் சொல்லமாட்டான், நீ மொதல்ல இறங்குடான்னு நான்தான் அனுப்பினேன்."

அடுப்புத் துருத்தி தானாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"அன்னிக்கு அவன் சொன்னத அவனே சந்தையில நின்னு சொல்லியிருக்கலாம்," என்றான் நோர்பூதா. "என் வாக்கு இல்லன்னு நான் சொன்னேனேன்னு ஒரே ஒரு வரி. ஊரு வாயடைச்சுப் போயிருக்கும். ஒவ்வொரு சந்தை நாளும் இன்னிக்குச் சொல்லிடுவான், இன்னிக்குச் சொல்லிடுவான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இந்த வழியாத்தான் போவான். நின்னு என்னைப் பாப்பான். போயிடுவான்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"அஷுரோட அம்மா இருக்கா, அக்கா."

அதற்குமேல் பீபிசாரா கேட்கவில்லை. லுஹருக்குப் பிறகு ஜனாசா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் சந்து முனை தாண்டும்வரை பட்டறையில் சம்மட்டிச் சத்தம் கேட்கவில்லை.

வீட்டில் குளிப்பாட்டி முடித்து, கஃபன் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கைனுத்தீன் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றான். ஹம்ராகுல் மதிலேறி வந்த அத்தையைப் பார்த்தான், எங்கே போனாள் என்று கேட்கவில்லை.

"அத்தை, இந்த அங்கிய அவரு மேல போட விடமாட்டேன். எட்டு பேரு வராங்களோ என்னவோ, அந்த எட்டு பேரும் இதப் பாத்தாப் போயிடுவாங்க."

"ரயிலு?"

"ரயில்ல ஊரே போகுது. நானும் போறேன்."

அவளுக்குப் போகாதே என்று சொல்ல வாய் வந்தது. அப்பன் மாதிரியே தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? வேண்டாம் என்று அங்கியைத் திருப்பி அனுப்பினால் அதற்கும் ஒரு காகிதம் வரும், அதற்கும் சிப்பாய் வருவான். அவள் சாபிரின் பக்கம் திரும்பினாள். குளிப்பாட்டிய கை காயாமல் அவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

"சாபிர், மையத்தோட துணியெல்லாம் யாருக்கு?"

"கேக்கணுமா? குளிப்பாட்டினவனுக்கு," என்றார் சாபிர். இறந்தவரின் பழைய அங்கியும் பூட்சும் ஏற்கெனவே அவர் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அப்போ இதையும் எடுத்துக்க." கைனுத்தீன் கையிலிருந்து அங்கியை வாங்கினாள். விரல் பட்டதும் தெரிந்துவிட்டது, மாஸ்கோ வெல்வெட்தான். சாபிர் மடியில் போட்டாள். "எங்கண்ணனுக்குன்னு வந்த துணி. செத்த அன்னிக்கு வந்துது. நாங்க ஏத்துக்கிட்டோம். முறைப்படி ஒனக்குச் சேர வேண்டியது."

சாபிர் இமாமைப் பார்த்தார். இமாம் முசுக்கட்டை மரத்தைப் பார்த்தார். "வழக்கம் அதுதான்," என்றார்.

கைனுத்தீன் கையில் மிஞ்சிய மூட்டைத் துணியை மடித்தான். "துரைகிட்ட நான் என்னம்மா சொல்றது?"

"வீட்டாரு நன்றியோட வாங்கிக்கிட்டாங்கன்னு சொல்லு. நெசம்தானே?"

அவன் சிரிக்கவில்லை, ஆனால் தோள் இறங்கியது. "பேர அடிக்கமாட்டாரு," என்றான் ஹம்ராகுலிடம் மெதுவாக. குதிரையை வாசல் வளையத்தில் கட்டிவிட்டு, போகாமல், பித்தளைப் பொத்தான்களை மறைத்து மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டான். "தொழுகைக்கு ஆள் கொறையும்னா நானும் நிக்கறேன்."

சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது பீபிசாரா கத்தி அழுதாள். வழக்கத்துக்காக ஆரம்பித்த அழுகை நடுவில் நிஜமாகிவிட்டது. தூக்கிப் போனவர்கள் ஆறு பேர், அதில் பாதி இமாம் சொல்லி வந்தவர்கள். முன்னால் ஹம்ராகுல், "அப்பா, என் அப்பா" என்று அழுதபடி கம்பு ஊன்றி நடந்தான். பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது. அவள் ஆய்னிசா வீட்டு மொட்டைக் கூரைக்கு ஏணி வைத்து ஏறினாள். அங்கிருந்து பள்ளிவாசல் முற்றம் தெரியும். ஆய்னிசாவும் பின்னாலேயே ஏறி வந்து, கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லுஹர் தொழ வந்தவர்கள் முற்றத்தில் இருபத்தைந்து முப்பது பேர் இருந்தார்கள். தொழுகைக்கு வந்தவர்கள்தான், சாவுக்கு வந்தவர்கள் இல்லை. சந்தூக்கைப் பார்த்ததும் சிலர் பின்கதவு வழியாக நழுவினார்கள். ஆய்னிசாவின் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டான், கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். போகவில்லை.

இமாம் சந்தூக்குக்கு முன்னால் நின்று திரும்பினார். கூரைவரை கேட்டது.

"எகம்பெர்தி எப்படிப்பட்ட மனுஷன்?"

யாரோ இருமினார்கள். ஹம்ராகுல் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மகன் சொல்லக்கூடாது, துபாஷி சொன்னால் சொல்லாமல் இருப்பதைவிட மோசம். கைனுத்தீனுக்கும் அது தெரிந்திருந்தது, தலையைக் குனிந்துகொண்டான்.

"எகம்பெர்தி எப்படிப்பட்ட மனுஷன்?" என்று இமாம் இரண்டாவது தடவை கேட்டார்.

ஆய்னிசா பீபிசாராவின் கையைப் பிடித்தாள். சந்து வழியாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, முழங்கைவரை கரி. பள்ளிவாசல் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து நின்றான். இமாம் மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தவர் நிறுத்தினார்.

"மலைமேல நான் அவனக் கேட்டேன்," என்றான் நோர்பூதா. பெரிய குரலில்லை, ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது. "இது யாரு வாக்குன்னு கேட்டேன். என் வாக்கு இதுல இல்லன்னான். இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அது கேட்டிருக்கும். அஷுர் இறங்கமாட்டேன்னான். அவன இறக்கினது நான். எகம்பெர்தி இல்ல."

பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கம், தாழ்வான மதிலுக்குப் பின்னால், நோர்பூதாவின் வீடு. அந்த வீட்டுக் கூரையில் அஷுரின் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உலர்த்துவதை நிறுத்தி நின்றாள். பிறகு கையிலிருந்த ஈரத்துணியோடு ஏணியில் இறங்கி உள்ளே போய்விட்டாள். நோர்பூதா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இமாம் மூன்றாவது தடவை கேட்டார்.

"நல்ல மனுஷன்," என்றான் நோர்பூதா.

"நல்ல மனுஷன்," என்று செருப்பு மாட்டியிருந்த ஆய்னிசாவின் புருஷன் சொன்னான். அதற்கப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குரல்கள் வந்தன. எல்லோரும் சொல்லவில்லை. இரண்டு பேர் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே நின்றார்கள், அவர்களும் தொழுதுவிட்டுத்தான் போனார்கள்.

ஆய்னிசா அழுதுகொண்டிருந்தாள். "இதெல்லாம் நெசமாக்கா? ஒனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். ஏழு அடிக்கு ஒருவர் தோள் மாற வேண்டும், அப்போதுதான் எல்லோருக்கும் நன்மை சேரும் என்பது முறை. சந்துகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் மாறினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள். சந்தூக்கின் முன்பக்க இடது காலை நோர்பூதா பிடித்திருந்தான். ஒருவன் வந்து தோளைக் காட்டினான். நோர்பூதா தரவில்லை. இன்னொருவன் வந்து கையை நீட்டி, கொஞ்ச தூரம் கூடவே நடந்து, விலகிக்கொண்டான். சந்தூக்கின் வெள்ளைத் துணியில் நோர்பூதாவின் கைக்கரி அப்பியிருந்தது. வாய்க்கால் பாலம்வரை பீபிசாரா பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவன் தோள் மாறவில்லை. அதற்கப்புறம் பாப்ளார் மரங்கள் மறைத்துவிட்டன.